வினைச்சொல் என்றால் ‘செயல்’ என்று இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொடுப்போம்?

கடந்த மாதம் பெற்றோர் சந்திப்பு நாளன்று, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். வாக்கியங்களில் உள்ள ‘வெர்ப்’ என்னும் வினைச்சொல்லுக்குக் கோடிட வேண்டும் என்பது பயிற்சி. மூன்றாவது வாக்கியம், “மை ஃபாதர் இஸ் எ லாரி டிரைவர்”. மாணவி ‘டிரைவர்’ என்ற சொல்லுக்குக் கோடிட்டிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தவறுக் குறி.

“டீச்சர், இவளோட அப்பா லாரிதான் ஓட்டுறாரு. ஓட்டுறது ஒரு வேலைதானே? வேலையைச் சொல்ற சொல்லுதான் வெர்ப்புன்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களாம். அப்புறம் இது எப்படித் தப்பு?” என்று கேட்டார்.

அவர் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். ஆனால், அன்று மாலை வகுப்பறையைப் பூட்டப் போனபோது சுவரில் தொங்கிய அட்டை என் கண்ணில் பட்டது. ஓடுகின்ற ஒரு சிறுவனின் படம். அதன் கீழே ‘எ வெர்ப் இஸ் எ டூயிங் வேர்ட்’ என்ற வாசகம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் பயிற்றுத் துணைப்பொருளாக நானே வரைந்து, வண்ணம் தீட்டி, நெகிழித்தாள் ஒட்டிப் பாதுகாத்த அட்டை அது. அந்தத் தவறுக் குறியைப் போட்டதும் நானே. அந்தத் தவறைக் கற்பித்ததும் நானே. அந்தப் பெண் குழந்தை நான் சொன்னதை அப்படியே நம்பிப் பின்பற்றினாள். அதற்காக மதிப்பெண்ணை இழந்தாள்.

ஆகவே, இக்கட்டுரையை யாரையும் குறைகூற எழுதவில்லை. முதல் குற்றவாளி நான். ஆனால், நான் மட்டும் குற்றவாளி அல்லள் என்பதும் எனக்குத் தெரியும். கடைகளில் குவிந்து கிடக்கும் பயிற்சி நூல்களைப் புரட்டிப் பாருங்கள். ‘ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயர் நவுன், செயலைக் குறிப்பது வெர்ப்’ என்ற இரண்டு வரிகள் பெரும்பாலானவற்றில் தவறாமல் இருக்கும். பிள்ளைகள் அதைப் பாட்டுப்போலச் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தவறாகக் கோடிடுவார்கள்.

இந்த இரண்டு வரிகளும் முழு உண்மையல்ல என்பதே என் வாதம். அது மட்டுமன்று, வேறெந்தப் பிள்ளையைக் காட்டிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கே இவை அதிகக் கேடு செய்கின்றன. இவற்றைவிடச் சிறந்த கருவி ஒன்று அந்தப் பிள்ளையின் புத்தகப்பையிலேயே, தமிழ் இலக்கணப் பாடத்தில், ஏற்கனவே இருக்கிறது. அதை வெளியே எடுக்க நாம்தாம் விடுவதில்லை.

ஒரே ஆசிரியர், இரண்டு பாடம், எதிரெதிர் இலக்கணம்

தமிழ்ப்பள்ளிகளில் நம்மில் பலர் தமிழும் கற்பிக்கிறோம், ஆங்கிலமும் கற்பிக்கிறோம். காலையில் தமிழ்ப் பாடவேளையில் அறுவகைப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கிறோம். பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில். இவற்றுள் ஆறாவது என்ன? தொழிற்பெயர். ஓட்டம், நடத்தல், படிப்பு, ஆடுதல் ஆகியவை செயல்களைக் குறித்தாலும் பெயர்ச்சொற்களே என்று உறுதியாகக் கூறுகிறோம். “படிப்பு என்பது செயல்தானே, ஏன் வினைச்சொல் இல்லை?” என்று ஒரு மாணவன் கேட்டால், “அது காலம் காட்டவில்லை, ஐயா! அதனால் பெயர்” என்று விளக்கம் சொல்கிறோம்.

மணி அடிக்கிறது. ஆங்கிலப் பாடவேளை தொடங்குகிறது. அதே ஆசிரியர், அதே வெண்பலகை, அதே பிள்ளைகள். இப்போது ‘செயலைக் குறிப்பது வெர்ப்’ என்று எழுதுகிறோம்! அரைமணி நேரத்துக்கு முன்னால் செயலின் பெயரும் பெயர்ச்சொல்லே என்று கற்றுக்கொண்ட பிள்ளை இதை எப்படி எடுத்துக்கொள்ளும்? ஒன்று, தமிழ் இலக்கணம் வேறு உலகம், ஆங்கில இலக்கணம் வேறு உலகம் என்று எண்ணிக்கொள்ளும். அல்லது, இலக்கணம் என்பதே புரிந்துகொள்ள முடியாத ஒன்று, மனனம் செய்துவிட்டால் போதும் என்று முடிவுகட்டும். இரண்டும் கேடுதான்.

தொல்காப்பியர் இதில் எவ்வளவு தெளிவாக இருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சொல்லதிகாரத்தில் வினையியலைத் தொடங்கும்போதே அவர் வினைக்கு இலக்கணம் கூறிவிடுகிறார். வினை வேற்றுமையை ஏற்காது, காலத்தோடு வரும் என்பதே அதன் சாரம். ‘செயலைக் குறிக்கும்’ என்று அவர் அங்கே வரையறுக்கவில்லை. சொல் எதைக் குறிக்கிறது என்பதைக் காட்டிலும், வாக்கியத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே அவர் அளவுகோலாகக் கொண்டார். செயலே இல்லாத வினைகளுக்கும் அவருடைய இலக்கணத்தில் இடம் உண்டு; அவற்றைக் குறிப்புவினை என்கிறோம்.

கிரேக்க மொழிக்கு டயோனிசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் பழைய இலக்கண நூலும் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கிறது. பெயருக்கு வேற்றுமை உண்டு. வினைக்கு வேற்றுமை இல்லை, காலம் உண்டு என்று முதலில் வடிவத்தைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே அவை பொருளையும் செயலையும் குறிப்பதைச் சொல்கிறது. நம் பயிற்சி நூல்களோ முதற்பாதியைக் கைவிட்டு, பிற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஓடு, ஆடு, நாடு

ஆங்கிலம் ஒரு குழப்பமான மொழி, ஒரே சொல் பெயராகவும் வரும் வினையாகவும் வரும், நம் மொழி அப்படியில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இது சரியன்று. வெண்பலகையில் ‘ஓடு’ என்று மட்டும் எழுதிவிட்டு, இது பெயரா வினையா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். கூரை ஓடா? ஓடு என்னும் ஏவலா? ‘ஆடு’, ‘நாடு’, ‘காய்’, ‘படி’, ‘அடி’ என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஆனால், ‘ஓட்டில்’ என்று எழுதினால் ஒரு பிள்ளையும் தடுமாறாது. ‘ஓடினான்’ என்று எழுதினாலும் தடுமாறாது. ஆட்டை, ஆடினான்; நாட்டுக்கு, நாடினான். வேற்றுமை உருபு ஒட்டினால் பெயர். காலம் காட்டினால் வினை. பொருளை யாரும் விளக்க வேண்டிய தேவையே இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், என் வகுப்பில் பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். “அவன் தொமிலை மிளத்தினான்.” தொமில் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, மிளத்துவது எப்படி என்றும் தெரியாது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால், பெயர் எது, வினை எது என்று கேட்டதும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சரியாகச் சொன்னார்கள். பொருள் தெரியாத சொல்லை ‘இது ஆளா, இடமா, பொருளா, செயலா’ என்று அவர்கள் எப்படி ஆராய்ந்திருக்க முடியும்? அவர்கள் பார்த்தது ‘ஐ’ என்னும் உருபையும் ‘இன்’ என்னும் இடைநிலையையும்தான்.

ஆங்கிலத்திலும் இதுவே நடக்கிறது. 1958-இல் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் சிறு குழந்தைகளிடம் ‘வக்’ என்னும் இல்லாத பிராணியின் படத்தைக் காட்டினார். இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டபோது, குழந்தைகள் பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். ‘ரிக்’ என்னும் இல்லாத வினையைச் சொல்லி, இதையே அவன் நேற்றுச் செய்தான் என்றால் எப்படிச் சொல்வாய் என்று கேட்டபோது, பலர் இறந்தகால விகுதி சேர்த்தார்கள். பள்ளியில் அடியெடுத்து வைக்கும் வயதிலேயே குழந்தையின் மனத்தில் இந்த அறிவு இருக்கிறது. நாம்தாம் அதை ஒதுக்கிவிட்டு, வாய்ப்பாட்டைத் திணிக்கிறோம்.

விகுதிகள் தேய்ந்த மொழி

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள் இருவேடம் போடுகின்றன? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்னும் பெயர் ‘லுவு’. அன்பு செலுத்துதல் என்னும் வினை ‘லுவியன்’. விகுதியே வேறுபாட்டைக் காட்டியது. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. இன்று இரண்டுமே ‘லவ்’. விகுதி செய்த வேலையைச் சொல் அமரும் இடம் ஏற்றுக்கொண்டது.

“த வாட்டர் இஸ் கோல்ட்” என்பதில் வாட்டர் பெயர். “வீ வாட்டர் த பிளாண்ட்ஸ்” என்பதில் அதே வாட்டர் வினை. “ஹிஸ் ஜம்ப் வாஸ் ஹை” என்பதில் ஜம்ப் என்பது செயலைக் குறிக்கிறது. ஆனால் அது பெயர். “ஐ நோ ஹிம்” என்பதில் நோ எந்தச் செயலையும் குறிக்கவில்லை; ஆனால் அது வினை. இந்நிலையில், பத்துச் சொற்களைத் தனித்தனியாக அடுக்கி, இவற்றைப் பெயர் என்றும் வினை என்றும் பிரித்து எழுதுக என்று பயிற்சி கொடுப்பது எவ்வகையில் நியாயம்? ஃபிஷ், பெயிண்ட், புக், ஹேண்ட், ஃபேன் ஆகியவற்றை வாக்கியமின்றி யாரால் பிரிக்க முடியும்? விடைத்தாள் தயாரித்தவர் மனத்தில் எது இருந்தது என்று பிள்ளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பெயர் இலக்கணப் பயிற்சியன்று!

சார்லஸ் ஃப்ரைஸ் என்னும் மொழியியலாளர் 1952-இல் வெளியிட்ட ஆங்கில வாக்கிய அமைப்பு பற்றிய நூலில் இந்தப் பழைய வரையறைகளை ஒதுக்கிவிட்டு, வாக்கியத்தில் எந்த இடத்தில் சொல் அமர்கிறது என்பதைக்கொண்டே சொற்களை வகுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. என் வகுப்பறைச் சுவருக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

‘இஸ்’ என்னும் சொல்லைக் காணாத பிள்ளைகள்

இனி, இவ்வாதத்தின் முதன்மையான பகுதிக்கு வருகிறேன். கோடிடும் பயிற்சியில் ஒரு மதிப்பெண் போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால், இழப்பு அதோடு நிற்பதில்லை.

நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வாக்கியங்கள் நன்கு பழக்கமானவை: “மை ஃபாதர் லாரி டிரைவர்.” “மை சிஸ்டர் வெரி டால்.” வினைச்சொல் இல்லாத வாக்கியங்கள். ஏன் இப்படி எழுதுகிறார்கள்? சோம்பலா? கவனக்குறைவா? இரண்டும் இல்லை.

தமிழில் “என் அப்பா லாரி ஓட்டுநர்” என்பது முழுமையான வாக்கியம். அதில் ‘இஸ்’ என்பதற்கு நிகரான சொல் எதுவும் தேவையில்லை. மலாய் மொழியில் “பாபா சாயா பெமாண்டு லோரி” என்பதும் முழுமையான வாக்கியமே; பெயர்த்தொடரும் பெயர்த்தொடரும் இணைவது மலாய் இலக்கணம் ஏற்றுக்கொண்ட அடிப்படை வாக்கிய அமைப்புகளுள் ஒன்று. ஆக, நம் பிள்ளை அறிந்த இரண்டு மொழிகளுமே அந்த இடத்தில் வினையைக் கேட்பதில்லை. மூன்றாவது மொழியாகிய ஆங்கிலம் மட்டும் கட்டாயமாகக் கேட்கிறது.

இந்தப் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லவேண்டியது என்ன? “ஆங்கில வாக்கியத்தில் வினை இருந்தே தீரவேண்டும், ‘இஸ்’ என்பதும் வினை” என்பதைத்தான். நாம் சொல்வதோ, செயலைக் குறிப்பதே வினை என்று! ‘இஸ்’ என்ன செயலைக் குறிக்கிறது? ஒன்றுமில்லை. எனவே பிள்ளையின் கணக்கில் அது வினையன்று. இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இந்த வரையறை ஏற்கனவே இருக்கும் இடர்ப்பாட்டின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. வீட்டில் ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளை, வரையறை தவறாக இருந்தாலும் காதால் கேட்ட பழக்கத்தால் ‘இஸ்’ போட்டுவிடும். தோட்டப்புறத்திலும் அடுக்குமாடி வீடுகளிலும் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்பிள்ளை நம் சொல்லை மட்டுமே நம்பியிருக்கிறது. நம் சொல் தவறானால் அதற்கு வேறு புகலிடம் இல்லை.

சில மறுப்புகள்

“சிறு பிள்ளைகளுக்கு எளிமையாகத்தானே சொல்ல வேண்டும்” என்பார்கள். எளிமையாகச் சொல்வோம், தவறாகச் சொல்ல வேண்டாம். ‘நேற்று என்று மாற்றினால் எந்தச் சொல் மாறுகிறது?’ என்று கேட்பதைவிட எளிமை எது?

“ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், தமிழைக் கலக்கக்கூடாது” என்பார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் நிறையக் கேட்கவும் பேசவும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தமிழ் இலக்கணத்தில் ஏற்கனவே புரிந்துகொண்ட ஒரு கருத்தை நினைவூட்ட ஐந்து நிமிடம் செலவிட்டால் ஆங்கிலம் கெட்டுவிடாது. புரிந்ததைக்கொண்டு புரியாததை விளக்குவதுதானே நாம் பயிற்சிக் கழகத்தில் படித்த கற்பித்தல் முறை?

“தேர்வில் அப்படித்தான் கேட்கிறார்கள்” என்பது மூன்றாவது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் எந்தத் தேர்வின்மேல் பழிபோடப் போகிறோம்? அப்படியே ஒரு தாளில் கேட்டாலும், சரியாகக் கண்டறியத் தெரிந்த பிள்ளை அங்கும் சரியாகத்தான் எழுதும்.

என்ன செய்யலாம்?

நான் இப்போது என் வகுப்பில் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன்.

1. நேற்றுச் சோதனை. வாக்கியத்தின் முன்னால் ‘யெஸ்டர்டே’ என்றோ ‘லாஸ்ட் இயர்’ என்றோ சேர்த்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள். மாறும் சொல் வினை. “மை ஃபாதர் இஸ் எ லாரி டிரைவர்” என்பது ‘வாஸ்’ ஆகிறது. டிரைவர் மாறவில்லை, இஸ் மாறிவிட்டது! பிள்ளையே கண்டுபிடித்துவிடும். ‘புட்’, ‘கட்’ போன்ற சில வினைகள் இறந்தகாலத்தில் மாறுவதில்லை. அப்போது ‘டிட் நாட்’ என்பதை முன்னால் வைத்துப் பார்க்கலாம்.

2. ‘த’, ‘மை’ சோதனை. அந்த வாக்கியத்தில் அச்சொல்லுக்கு முன் ‘த’, ‘எ’, ‘மை’ ஆகியவற்றுள் ஒன்று இருக்கிறதா, அல்லது பொருள் கெடாமல் வைக்க முடிகிறதா? பன்மையாக்க முடிகிறதா? அப்படியானால் பெயர். ஆட்பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் இச்சோதனை பொருந்தாது; அவற்றைப் பிள்ளைகள் எளிதில் அறிந்துகொள்வார்கள்.

3. கடைசி எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ‘த வாக்ஸ்’ என்பதில் உள்ள ‘ஸ்’ பன்மையைக் காட்டுகிறது. ‘ஷீ வாக்ஸ்’ என்பதில் உள்ள ‘ஸ்’ வினையோடு சேர்ந்தது. “ஸ்விம்மிங் இஸ் ஃபன்” என்பதில் ஸ்விம்மிங் என்பது நம் ‘நீந்துதல்’ போன்றது. தொழிற்பெயரை இங்கே நினைவூட்டுங்கள். பிள்ளைகளின் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

4. தனிச்சொற் பட்டியலைக் கைவிடுங்கள். பெயரா வினையா என்று கேட்பதானால் முழு வாக்கியத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.

5. மலாயையும் துணைக்கு அழையுங்கள். துலிஸ், மெனுலிஸ், துலிசான் என்னும் மூன்றையும் எழுதிக் காட்டினால், ஒட்டுகள் சொல்லின் வகையை எப்படி மாற்றுகின்றன என்பது விளங்கும். மூன்று மொழி கற்பது நம் பிள்ளைக்குச் சுமை என்கிறோம். அதை வலிமையாக மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளையின் பயிற்சித்தாளில் தவறுக் குறியைக் கண்டால் உடனே பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். “ஏன் இப்படி எழுதினாய்?” என்று முதலில் கேளுங்கள். பிள்ளை சொல்லும் காரணம் நியாயமாகப்பட்டால், அந்தத் தாயாரைப்போல ஆசிரியரிடம் வந்து கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத நாம் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். அந்தத் தாயார் தமக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். ஆனால், இருபது ஆண்டுகளாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அவர் கேட்டார்.

மறுநாள் அந்த அட்டையைக் கழற்றினேன். மாணவியை அழைத்து, வாக்கியத்தைக் கடந்தகாலத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள். எந்தச் சொல் மாறியது என்று கேட்டேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “இஸ்தான் டீச்சர் மாறிடுச்சு. அப்போ அதுதான் வெர்ப்பா?” என்றாள். ஆமாம் என்றேன். அவளுடைய பழைய தாளில் என் தவறுக் குறியின் பக்கத்தில், ‘ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது தவறு’ என்று தமிழில் எழுதி, கையொப்பமிட்டு, அவளுடைய தாயாரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

ஆசிரியர் நண்பர்களே, உங்கள் வகுப்பறைச் சுவரையும் ஒருமுறை பாருங்கள். அங்கேயும் அந்த அட்டை தொங்கினால், நாளைக்கே கழற்றிவிடுங்கள்.